பழகுறதுக்கு எங்கட புள்ளைகளா கிடைச்ச?

போன கிழமை பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். தண்ணீர்த் தாங்கி, மலசலகூடக் கதவு, சிரமதானம் எல்லாம் பேசி முடிந்து ஆட்கள் எழும்பப் பார்க்கும் நேரத்தில், பின்வரிசையில் இருந்த ஒரு வாப்பா கையை உயர்த்தினார். கடற்றொழில் செய்பவர். கூட்டங்களில் பேசி நான் கண்டதில்லை.

"இந்த வருசமும் கல்லூரியில இருந்து பயிற்சி டீச்சர்மார் வாறாங்களாம். போன வருசம் என்ட மகன்ட வகுப்புக்கு கணக்குக்கு ஒரு புள்ளயப் போட்டீங்க. அவன் இப்ப கணக்கெண்டா கொப்பியத் தூக்கிப் போட்டுட்டுப் போறான். பழகுறதுக்கு எங்கட புள்ளைகளா கிடைச்ச?"

சலசலப்பு எழுந்தது. இரண்டு மூன்று பேர் "உண்மதானே" என்றார்கள். அதிபர் ஏதோ சொல்லிச் சமாளித்தார். ஸலவாத்துடன் கூட்டம் முடிந்தது.

நான் வாய் திறக்கவில்லை. அந்த வகுப்பின் கணித பாடத்துக்குப் பொறுப்பானவன் நான். அந்தப் பயிலுனருக்கு வழிகாட்டி ஆசிரியர் என்று கோவையில் பெயர் போடப்பட்டிருப்பதும் எனக்குத்தான். அங்கே சொல்ல வேண்டியதை ஒரு கிழமை பிந்தி இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்தப் பயிற்சி டீச்சர்மார் யார் என்பதில் ஊரில் ஒரு குழப்பம் இருக்கிறது. வேலை கிடைக்காமல் சும்மா வந்து நிற்கிறார்கள் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஏ.எல் சித்தியடைந்து, இசட் புள்ளி அடிப்படையில் தெரிவாகி, தேசிய கல்வியியற் கல்லூரிக்குப் போனவர்கள் இவர்கள். 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் கல்லூரிகள் இவை. நாடு முழுக்க இருக்கின்றன. நமக்குத் தெரிந்தவை அட்டாளைச்சேனை, மட்டக்களப்பு, தர்கா நகர், வவுனியா, யாழ்ப்பாணம், மலையகத்து ஸ்ரீ பாத. பாடநெறி மூன்று வருடம். இரண்டு வருடம் கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பு. மூன்றாவது வருடம் முழுவதும் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. அதையும் முடித்தால்தான் தேசிய கற்பித்தல் டிப்ளோமா. அதாவது பாடசாலையில் நிற்கும் அந்த ஒரு வருடம் படிப்பு முடிந்த பிறகு வருகிற வேலை அல்ல, படிப்பின் மூன்றில் ஒரு பங்கு. இதை நாங்கள், ஆசிரியர்களே, மறந்துவிடுகிறோம். பெற்றோரைக் குறை சொல்லி என்ன?

நானும் அப்படி வந்தவன்தான். அட்டாளைச்சேனையில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, 2012இல் பொத்துவில் பக்கம் ஒரு பாடசாலைக்குக் கட்டுறுப் பயிற்சிக்குப் போனேன். 2007 பாடத்திட்ட மாற்றத்தோடு வந்த 5ஈ முறை எனக்குத் தலைகீழாகப் பாடம். ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரிவாக்கல், மதிப்பிடல். பாடக்குறிப்பை மூன்று நிறப் பேனையால் எழுதுவேன். பிறிஸ்டல் போர்ட், கத்தரிக்கோல், கம் போத்தல் எல்லாம் ஒரு பையில். வகுப்பில் ஒரு குறையும் இல்லாமல் படிப்பிக்கிறேன் என்ற எண்ணம் எனக்கு.

அங்கே எனக்கு வழிகாட்டியாக இருந்த சேர் ஓய்வுக்குக் கிட்டிய வயது. வெள்ளைச் சாரம் உடுத்து பள்ளிக்குப் போகும்போது பார்த்தால் ஒரு ஆசிரியர் என்றே தெரியாது. இரண்டாவது கிழமை ஒருநாள் என் வகுப்புக்குள் வந்து, கடைசி வாங்கில் ஒரு பையனைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கையில் ஒரு கொப்பி ஒற்றை. நான் படிப்பித்தேன். அவர் குனிந்து ஏதோ புள்ளி வைத்துக்கொண்டே இருந்தார். பாடவேளை முடிந்ததும் ஒன்றும் பேசாமல் அந்த ஒற்றையை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

அதில் வகுப்பின் இருக்கைகளை வரைந்திருந்தார். 34 பிள்ளைகள், 34 சிறு கட்டங்கள். நான் ஒரு பிள்ளையிடம் கேள்வி கேட்ட ஒவ்வொரு தடவைக்கும் அந்தப் பிள்ளையின் கட்டத்தில் ஒரு புள்ளி. எண்ணிப் பார்த்தேன். 40 நிமிடத்தில் நான் கேட்ட கேள்விகள் அத்தனையும் ஒன்பது பிள்ளைகளுக்கே போயிருந்தன. எல்லாம் முன் இரண்டு வரிசை. அதிலும் ஜன்னல் பக்கம். 25 கட்டங்கள் வெள்ளையாக இருந்தன.

அடுத்த நாள் அந்த வெள்ளைக் கட்டங்களில் ஒன்றின் பிள்ளையிடம் போய்க் கொப்பியைப் பார்த்தேன். திகதியும் தலைப்பும் மட்டும் அழகான எழுத்தில் இருந்தன. கீழே ஒன்றுமில்லை. பக்கம் பக்கமாகத் திகதியும் தலைப்பும். அவன் கெட்டித்தனமாக, கரும்பலகையில் நான் எழுதும் முதல் வரியை எழுதிவிட்டுத் தலையைக் குனிந்து எழுதுவது போலவே இருந்திருக்கிறான். நானும் "நல்ல பிள்ளை, சத்தமில்லை" என்று நினைத்திருக்கிறேன்.

கல்லூரியில் ஜோன் டூயியைப் படித்தோம். 1938இல் 'அனுபவமும் கல்வியும்' என்று ஒரு சின்ன நூல் எழுதியவர். எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது, சில அனுபவங்கள் மேற்கொண்டு வளரவிடாமல் தடுத்தும் விடும் என்பது அதில் அவர் வலியுறுத்திய ஒரு விடயம். டேவிட் கோல்ப் 1984இல் சொன்ன வட்டத்தையும் படித்தோம். செய்தல், செய்ததைத் திரும்பிப் பார்த்தல், அதிலிருந்து ஒரு கருத்துக்கு வருதல், அதை மறுபடி செய்து பார்த்தல். பரீட்சைக்குப் படம் வரைந்து புள்ளியும் வாங்கினேன். ஆனால் அந்த வட்டத்தின் இரண்டாவது படி என்னவென்று எனக்கு விளங்கியது பொத்துவிலில் அந்த ஒற்றையைக் கையில் பிடித்தபோதுதான். வகுப்பில் நிற்பவனுக்குத் தன் முதுகு தெரியாது. பின்னால் இருந்து ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த சேர் வராமல் இருந்திருந்தால் நான் ஒரு வருடம் முழுக்க அந்த ஒன்பது பிள்ளைகளுக்குப் படிப்பித்துவிட்டு, அனுபவசாலி என்ற பெயரோடு வீட்டுக்குப் போயிருப்பேன்.

இப்போது போன வருடத்துக்கு வருகிறேன்.

அந்தப் பிள்ளை முதல் நாள் வந்தபோது எங்கள் பாடசாலையில் ஒரு கணித ஆசிரியர் இடமாற்றத்தில் போயிருந்தார், இன்னொருவர் பிரசவ விடுமுறையில். நேரசூசி போடுகிற எங்களுக்கு அது பெருநாள் மாதிரி. "கடவுளாப் பாத்து அனுப்பின ஆள்" என்று பகிடி வேறு. கிழமைக்கு 40 பாடவேளை. அதில் 32ஐ அவளுக்குப் போட்டோம். மிச்சம் எட்டில் யாராவது லீவு என்றால் ரிலீப்பும் அவளுக்குத்தான். பயிற்சிக்கு வந்த பிள்ளை, மறுக்கவா போகிறது? ஆசிரியர் ஓய்வறையில் அவள் இருந்து நான் கண்டது குறைவு. இடைவேளையில் கூடக் கொப்பிக் கட்டோடுதான் நிற்பாள்.

வழிகாட்டியான நான் என்ன செய்தேன்? கிழமைக்கு ஒருமுறை பாடக்குறிப்புக் கொப்பியை மேசையில் வைப்பாள். கையெழுத்துப் போடுவேன். "நல்லா இருக்கு டீச்சர்" என்பேன். அவதானிப்புப் படிவம் என்று ஒன்று இருக்கிறது. வழிகாட்டி ஆசிரியர் வகுப்பில் இருந்து பாடத்தைப் பார்த்து நிரப்ப வேண்டியது. அதையும் ஓய்வறையில் இருந்தே நிரப்பினேன். குரல், கரும்பலகைப் பயன்பாடு, வகுப்பு முகாமைத்துவம் எல்லாவற்றிலும் "மிக நன்று". அவள் கரும்பலகையில் எழுதி ஒருநாளாவது நான் பார்க்கவில்லை. எனக்கும் 30க்கு மேல் பாடவேளை, ஓ.எல் வகுப்பு, பின்னேர வகுப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். சொன்னேன், எனக்கு நானே. கல்லூரியிலிருந்து விரிவுரையாளர் மேற்பார்வைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். ஆனால் எத்தனை கல்லூரிப் பிள்ளைகள், எத்தனை பாடசாலைகள். அவர் வந்துபோகும் சில நாள் தவிர்ந்த மற்ற நாட்களெல்லாம் என் பொறுப்பு.

இந்த வருடம் அந்த வகுப்பு தரம் 8 ஆகி என்னிடம் வந்தது. முதல் கிழமையே பழையதை எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஒரு சின்னப் பயிற்சி கொடுத்தேன். திசைகொண்ட எண்கள். (−3) + (−2) எவ்வளவு? 38 பிள்ளைகளில் 23 பேர் +5 என்று எழுதியிருந்தார்கள்.

ஒன்றிரண்டு பேர் என்றால் கவனப்பிழை எனலாம். 23 பேர் ஒரே பிழையை விடுகிறார்கள் என்றால் அது படிப்பிக்கப்பட்ட பிழை. ஒரு பிள்ளையைக் கேட்டேன். "மைனசும் மைனசும் பிளஸ் சேர்" என்றாள், பாட்டுப் போல. உடனே விளங்கியது. பெருக்கலுக்கு உரிய விதி அது. மறை எண்ணை மறை எண்ணால் பெருக்கினால் நேர். அதைக் கூட்டலுக்கும் பொதுவாகச் சொல்லிக் கொடுத்துவிட்டாள், அல்லது எங்கே செல்லும் எங்கே செல்லாது என்று சொல்லாமல் விட்டுவிட்டாள். பிள்ளைகளுக்கு இப்படியான பாட்டு ஒன்று கிடைத்தால் விடவே மாட்டார்கள். அடுத்ததாகச் சமன்பாடு வரும்போது அதிலும் பிழை. விடை ஏன் வரவில்லை என்று பிள்ளைக்கும் தெரியாது. கடைசியில் கொப்பியைத் தூக்கிப் போடும்.

அந்த வாப்பாவின் மகன் அந்த 23 பேரில் ஒருவன்.

திருத்துவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. "காலையில காக்காட கடையில 300 ரூபாவுக்குக் கடனுக்குச் சாமான் வாங்கினாய். பின்னேரம் 200க்கு வாங்கினாய். கடன் கொப்பியில இப்ப என்ன இருக்கும்? உன்ட கையில 500 ரூபா வந்திருக்குமா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. இரண்டு பாடவேளையில் பெரும்பாலானோர் சரியாகிவிட்டார்கள். போன வருடம் அந்தப் பாடம் நடந்த நாளில் நான் கடைசி வாங்கில் பத்து நிமிடம் இருந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும் வேலை.

பிள்ளைகளைத் திருத்தியாயிற்று. டீச்சரை? அவள் டிப்ளோமாவை முடித்து, நியமனமும் கிடைத்து, இப்போது வேறொரு வலயத்தில் படிப்பிக்கிறாள். அங்கேயும் இந்த வருடம் தரம் 7 இருக்கும். அங்கேயும் "மைனசும் மைனசும் பிளஸ்" போகும். ஓய்வு பெறும் வரை எத்தனை வகுப்பு?

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவளுக்குக் கோல் எடுத்தேன். முதலில் என் பிழையைத்தான் சொன்னேன். பிறகு அந்த 23 விடைகளைச் சொன்னேன். மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"எனக்கும் அது ஒரு மாதிரித்தான் இருந்த சேர். ஒருதரம் பாடம் சரியா போகல்ல. உங்களுட்ட வந்து கேக்க நெனச்சன். கேட்டா இதுகூடத் தெரியாம வந்திருக்காண்டு நெனப்பீங்களே எண்டு விட்டுட்டன். ஒரு நாளைக்காவது என்ட பாடத்தப் பாக்க வருவீங்கண்டு இருந்தன்."

இதற்கு மேல் நான் எழுத என்ன இருக்கிறது? ஆகவே அந்த வாப்பாவுக்கு என் பதில் இதுதான்: காக்கா, நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஆனால் கேட்க வேண்டிய ஆள் அவள் இல்லை, நான்.

அதே நேரம் "பயிற்சி ஆசிரியரே வேண்டாம்" என்று சிலர் சொல்வதை என்னால் ஏற்க முடியாது. பழகாமல் யாரும் எதற்கும் வரவில்லை. நம் ஆஸ்பத்திரிகளில் இரவு இரண்டு மணிக்கு நெஞ்சு நோவு என்று ஓடினால் முதலில் வந்து பார்ப்பவர் அநேகமாக உள்ளகப் பயிற்சியில் இருக்கும் டொக்டர்தான். எம்பிபிஎஸ் முடித்துவிட்டு, இரண்டு பிரிவுகளில் ஆறாறு மாதமாக ஒரு வருடம் செய்கிறார்கள். "பழகுறதுக்கு எங்கட நெஞ்சா கிடைச்ச?" என்று யாரும் கேட்பதில்லை. ஏன்? காலையில் பெரிய டொக்டர் வார்ட் ரவுண்ட் வருவார், கட்டில் கட்டிலாகக் கேள்வி கேட்பார் என்று நமக்குத் தெரியும். பயிலும் ஆளுக்கு மேலே ஒரு கண் இருக்கிறது என்ற நம்பிக்கை அது.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். ஹிப்ழு மத்ரசாவைப் பாருங்கள். பிள்ளையின் கையில் குர்ஆனைக் கொடுத்து ஒரு அறையில் விட்டுவிட்டு, ஒரு வருடம் கழித்து வந்து "மிக நன்று" என்று எந்த உஸ்தாதாவது கையெழுத்துப் போடுகிறாரா? ஒவ்வொரு நாளும் எதிரில் இருத்தி ஓதவிட்டுக் கேட்கிறார். ஒரு எழுத்துப் பிசகினால் அந்த இடத்திலேயே நிறுத்துகிறார். ஏனென்றால் பிழையாகப் பாடமானதை அழித்து மறுபடி பாடமாக்குவது புதிதாகப் பாடமாக்குவதைவிடக் கஷ்டம் என்று அவருக்குத் தெரியும். நமக்கு இது தெரியாத விடயமே இல்லை. பாடசாலைக்கும் கந்தோருக்கும் வந்தால்தான் மறந்துவிடுகிறது.

கந்தோர் என்றதும் ஞாபகம். என் ராத்தாவின் மகன் கணக்கியலில் உயர் டிப்ளோமா செய்தான். கடைசியில் ஆறு மாதம் பயிற்சி. ஒரு கணக்காய்வு நிறுவனத்துக்குப் போனான். ஆறு மாதத்தில் அவன் நன்றாகப் பழகியது போட்டோகொப்பி மெஷின். தாள் சிக்கினால் எந்தக் கதவைத் திறக்க வேண்டும் என்று அவனுக்கு அத்துப்படி. மற்றபடி பிளேன்டீ எடுத்து வருவது, பாங்கில் வரிசையில் நிற்பது. ஒவ்வொரு நாளும் என்ன கற்றேன் என்று நாட்குறிப்புப் புத்தகம் நிரப்ப வேண்டும். "அத எப்பிடி மனே நிரப்பினாய்?" என்று கேட்டேன். "எனக்கு முந்தின பட்ச் பொடியன்ட டைரியப் பாத்து எழுதினன் மாமா. அவன் அவனுக்கு முந்தின ஆள்ட பாத்து எழுதினானாம்." அப்படிப் பார்த்தால் ஏதோ ஒரு காலத்தில் யாரோ ஒரு பையன் உண்மையிலேயே அங்கே வேலை பழகியிருக்கிறான், அல்ஹம்துலில்லாஹ்.

சிரிப்பதற்குச் சொல்லவில்லை. அவனுடைய கூட்டாளி ஒருவன் கல்முனைப் பக்கம் ஒரு சின்ன இடத்துக்குப் பயிற்சிக்குப் போனான். ஒரு கணக்காளர், இரண்டு மேசை, ஒரு பழைய கொம்பியூட்டர். போர்ட் கூடப் பெரிதாக இல்லை. "அங்க போய் என்ன படிக்கிற?" என்று வீட்டில் பேச்சு. அந்தக் கணக்காளர் ஒரு ஹார்ட்வெயார் கடையின் ஒரு மாதப் பாங்க் கூற்றையும் காசேட்டையும் அவன் முன் போட்டு, வங்கி இணக்கக் கூற்றைக் கையால் செய்யச் சொல்லியிருக்கிறார். 3,450 ரூபா இடித்தது. "எங்க போன? தேடு" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்திருக்கிறார். பையன் இரண்டு நாள் தேடினான். மாலையில் வந்து எங்கெங்கே தேடினாய், ஏன் அங்கே தேடினாய் என்று மட்டும் கேட்பாராம். மூன்றாம் நாள் கண்டுபிடித்தான்: கடைக்காரர் எழுதிக்கொடுத்த ஒரு காசோலையைக் காசேட்டில் இரண்டு தரம் பதிந்திருக்கிறார்கள். அவன் இன்றைக்கும் அந்த 3,450ஐப் பற்றிப் பேசுவான். ராத்தாவின் மகனுக்குப் போட்டோகொப்பி மெஷினைத் தவிரப் பேச ஒன்றுமில்லை. இரண்டு பேருக்கும் ஒரே பாடநெறி, ஒரே ஆறு மாதம், சான்றிதழில் ஒரே வசனம்.

அரசாங்கமும் இதே விளையாட்டை விளையாடியதுதான். 2020இல் ஆயிரக்கணக்கான வேலையற்ற பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபா கொடுப்பனவில் 'பயிலுனர்' என்று எடுத்தார்கள். நம் ஊர்களிலும் எத்தனை பேர் அதில் சேர்ந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். கந்தோர்களில் கதிரை இல்லாமல் மாமரத்துக்குக் கீழே நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன். பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்டவர்கள் அடுத்த நாளே வகுப்புக்குள் தள்ளப்பட்டார்கள். அவர்களில் கெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள், நல்ல ஆசிரியர்களாகவும் ஆகியிருக்கிறார்கள், அது அவர்களுடைய சொந்த முயற்சி. பயிலுனர் என்ற சொல்லைக் கொடுத்தார்களே தவிர, யார் பயிற்றுவிப்பது என்று ஒரு ஆளைக் கொடுக்கவில்லை.

இன்னொரு விடயம். இது கொஞ்சம் நெருடலானது, ஆனாலும் எழுத வேண்டும். நம் பெண் பிள்ளைகள்.

ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நம் பிரதேசத்துக்கு வந்ததால் எத்தனையோ பெண் பிள்ளைகள் வீட்டிலிருந்தே போய்வந்து பட்டம் பெறுகிறார்கள். ஆனால் பொறியியல், தொழினுட்பவியல், முகாமைத்துவம் என்று போகிற பிள்ளைகளுக்குப் படிப்பின் இடையிலோ கடைசியிலோ சில மாதம் தொழிற்பயிற்சி வரும். நல்ல இடங்கள் அநேகம் கொழும்பிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான். அங்கே வந்து முட்டிக்கொள்கிறது. என்னிடம் கணிதம் படித்த ஒரு பிள்ளை, ஓ.எல்லில் ஒன்பது ஏ. கொழும்பில் ஒரு மென்பொருள் கம்பனியில் பயிற்சிக்கு எடுபட்டாள். வீட்டில் விடவில்லை. கடைசியில் ஊரில் தெரிந்தவர் ஒருவரின் தொடர்பாடல் நிலையத்தில் ஆறு மாதம் இருந்து டைப் அடித்துக் கொடுத்தாள். கையெழுத்தும் கிடைத்தது, பட்டமும் கிடைத்தது. அவள் வகுப்பில் கொழும்புக்குப் போன பொடியன்மார் அந்தந்தக் கம்பனியிலேயே வேலைக்கு நின்றுவிட்டார்கள். அவள் இப்போது வீட்டில் இருக்கிறாள்.

அந்த வாப்பாவை நான் பிற்போக்குவாதி என்று ஏச மாட்டேன். அவரோடு பேசியிருக்கிறேன். மகளைப் படிக்க வைக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு அபாயா போட்ட பிள்ளைக்குக் கொழும்பில் அறை தேடி அலைந்த வாப்பாமாரைக் கேட்டுப் பாருங்கள். அறை இருக்கிறது என்பார்கள், ஆளைப் பார்த்ததும் இல்லை என்பார்கள். 2022க்குப் பிறகு வாடகையும் சாப்பாடும் ஏறிய ஏற்றம் வேறு. பயிற்சிக் கொடுப்பனவு பஸ்ஸுக்கே காணாது. தனியாக விட அவருக்குப் பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் தெஹிவளையிலும் வெள்ளவத்தையிலும் நம்மூராருக்கு வீடுகள் இருக்கின்றன. மேல்மாடி பூட்டிக் கிடக்கும் வீடுகளும் அதில் உண்டு. நமது சங்கங்கள் வருடா வருடம் நுழைவாயில் வளைவுக்கு வசூல் செய்கின்றன. பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சிக்குப் போகும் ஆறு பெண் பிள்ளைகளுக்கு, ஊருக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் மேற்பார்வையில், ஆறு மாதத்துக்கு ஒரு மாடியை ஒழுங்கு செய்ய அந்த வளைவின் ஒரு தூணுக்கான காசு போதும். இதை நான் இரண்டு கூட்டத்தில் சொல்லிவிட்டேன். குறிப்பேட்டில் எழுதினார்கள். இங்கே மூன்றாவது தடவையாகச் சொல்கிறேன். கொழும்பில் இருக்கும் நம்மூரார் யாராவது வாசித்தால் என்னோடு பேசுங்கள்.

கடை, பாமசி, கராஜ், கந்தோர் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை பயிற்சிக் கடிதத்தோடு வந்து நின்றால், நாளுக்குப் பத்து நிமிடம் அந்தப் பிள்ளையோடு பேச உங்களிடம் ஒரு ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் எடுங்கள். பிளேன்டீ எடுத்து வரச் சொல்லுங்கள், அதில் ஒன்றும் குறைந்துவிடாது, நாங்களும் எடுத்தவர்கள்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுங்கள். ஆள் இல்லையென்றால் இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுங்கள், அந்தப் பிள்ளை வேறு இடம் தேடும்.

பெற்றோருக்கு: உங்கள் பிள்ளையின் வகுப்புக்குப் பயிலுனர் வந்தால் அவரைக் கண்டு முகம் சுழிக்காதீர்கள். பாடசாலைக்கு வந்து, "இவருக்கு வழிகாட்டி யார்? கடைசியாக எப்போது வகுப்பில் இருந்து பார்த்தார்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வி எங்களுக்குச் சுடும், சுடட்டும். ஒரு பயிலுனர் முழு ஆசிரியரின் நேரசூசியோடு நிற்பதைக் கண்டால், வெற்றிடத்துக்கு ஆள் கேட்டு வலயக் கல்வி அலுவலகத்துக்கு எங்களோடு வாருங்கள். ஆசிரியர் இல்லாத குறையைப் பயிலுனரை வைத்து மூடினால், வெற்றிடம் இருப்பதே மேலே தெரியாமல் போய்விடும். நாங்களே போன வருடம் அதைச் செய்தோம்.

புதிய பயிலுனர்கள் வரும் திங்கட்கிழமை வருகிறார்கள். கணிதத்துக்கு ஒருவர். அதிபரோடு பேசி அவருக்கு 18 பாடவேளைக்கு மேல் போடுவதில்லை என்று எடுத்திருக்கிறோம். ரிலீப் இல்லை. இதனால் எனக்கும் இன்னும் இருவருக்கும் பாடவேளை கூடுகிறது. அவர்களில் ஒருவர் என்னோடு இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

புதன் மூன்றாம் பாடவேளையை எனக்கு வெறுமையாக விட்டுத் தந்திருக்கிறார்கள். தரம் 7 பி. அந்த வகுப்பின் இருக்கைகளை ஒரு ஒற்றையில் வரைந்து வைத்துவிட்டேன், 36 கட்டம். கடைசி வாங்கில் இருந்தும் பார்த்தேன். முழங்கால் மேசையில் முட்டுகிறது. பொத்துவில் சேர் எப்படித்தான் 40 நிமிடம் இருந்தாரோ தெரியாது.